பிசினுக்குள் ஒரு தேள்

ஏப்ரல் 22

வந்து சேர்ந்தாயிற்று. ஊரின் பெயர் போலெஸ்வாவியெத்ஸ். எழுதி முடிப்பதற்குள் கை வலிக்கிறது. இனி 'ஊர்' என்றே எழுதுவேன். போலந்து தேசத்தில் ஒரு மூலை. தெருவில் ஆள் இல்லை, நாய் இல்லை, டீக்கடை இல்லை. எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்களோ தெரியவில்லை.

விமான நிலையத்தில் வடிவு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஒரே மகள், ஏழு வருடமாக இந்த நாட்டில் கிடக்கிறாள். 'சாப்பிட்டியளா' என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டது வேறு.

"யப்பா, அம்மா சங்கிலியக் கொண்டாந்தியளா?"

கொண்டுவந்திருக்கிறேன். சட்டைக்குள் உள்பையில் மஞ்சள் துணி முடிச்சு. கோமுவின் தாலிச் சங்கிலி, முறுக்குச் சங்கிலி, ஐந்து பவுன். கல்யாணத்துக்கு என் கையாலேயே அடித்தது. அவள் போனபிறகு இந்த மூன்று வருடத்தில் முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க நேரம் வரவில்லை.

பக்கத்தில் நெட்டையாக ஒருவன் நின்றுகொண்டு, "மாமா, சௌக்கியமா இருக்கியளா?" என்றான். இவன்தான் அந்த யாரெக். வடிவு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வெள்ளைக்காரன் வாயில் திருநெல்வேலிப் பேச்சு, கேட்கக் கண்றாவியாக இருந்தது.

நான் வந்த காரணம் ஒன்றுதான். இவன் எதற்கும் தேறமாட்டான் என்று அவளுக்குப் புரியவைத்து, கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது. ஜூன் ஆறாம் தேதி ரிஜிஸ்தர் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து வைத்திருக்கிறார்கள். அடித்தால் ஆயிற்றா?

ஏப்ரல் 23

மாப்பிள்ளையாக வரப் பார்க்கிறவனின் தொழிலைப் பார்த்தேன். நகை செய்கிறானாம்! நானும் பட்டறையில் உட்கார்ந்தவன். அதன்பின் முப்பத்தொரு வருடம் அம்பாசமுத்திரத்தில் வங்கி நகை மதிப்பீட்டாளன். எங்கள் ஊர்ப் பெண்கள் 'வீரபாகு ஆசாரி ஒரசிட்டாரா' என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்டவன் முன்னால் இவன் கொண்டுவந்து வைத்தது என்ன தெரியுமா? பிசின்.

ஆம்பர் என்கிறார்கள். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் ஏதோ மரத்திலிருந்து வடிந்து, கெட்டியாகி, கடலில் ஒதுங்கிய பிசின். அதைத் தேய்த்து, பளபளப்பாக்கி, வெள்ளிக் கம்பியால் கட்டி விற்கிறான். கையில் எடுத்தால் கனமே இல்லை. முருங்கை மரத்தில் வடிவதை நாங்கள் தூர வழித்துப் போடுவோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக ஒன்று வைத்திருந்தான், நெல்லிக்காய் அளவில். உள்ளே ஒரு குட்டித் தேள். காலும் கொடுக்கும் அப்படியே இருக்கின்றன. அவன் தாத்தா கடற்கரையில் பொறுக்கியதாம். அதுதான் இந்தப் பட்டறையிலேயே விலை உயர்ந்ததாம். நம் ஊரில் கல்லுக்குள் ஒரு மயிரிழை தெரிந்தாலே எடுத்துத் தூரப் போடு என்போம். இங்கே தேள் செத்துக் கிடந்தால் அதிக விலை! வெளங்கின மாதிரிதான்.

ஏப்ரல் 24

குளிர். இட்லி மாவு பொங்கவில்லை.

ஏப்ரல் 27

அவன் அம்மாவைப் பற்றி எழுதவேண்டும். பெயர் ஹலினா. அறுபது வயது, என்னைவிட ஒரு பிடி உயரம், சிரிப்பதில்லை. கீழ்வீட்டில் அவளும் மகனும். மேல்வீட்டில் வடிவு வாடகைக்கு இருக்கிறாள். அப்படித்தான் சொல்கிறாள், நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

இந்த ஊரே மண்பாண்டத்துக்குப் பேர்போனதாம். வெள்ளைக் களிமண்ணில் சட்டி, குவளை, தட்டு. பஞ்சில் அச்சு வெட்டி நீலச் சாயத்தில் தோய்த்துச் சட்டி முழுக்கப் பொட்டு வைக்கிறார்கள். மயில்கண் என்று பெயராம். மயிலை எங்கே பார்த்தார்களோ! அடுப்பில் ஏறப்போகிற சட்டிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டேன். வடிவு மொழிபெயர்க்கவில்லை.

ஹலினா அங்கே ஒரு சூளையில் தரம் பிரிக்கிறவள். சுட்டு இறக்கிய சட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பாள், விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒன்றாம் தரம், கடைக்குப் போகும். இரண்டு விரல் இரண்டாம் தரம். மூன்று விரல் காட்டினால் ஓரமாகக் கூடையில் விழும். வாய் திறப்பதே இல்லை. வீட்டிலும் இதே பழக்கம். நான் கூட்டிவைத்த ரசத்தை ஒரு கரண்டி குடித்துவிட்டு மூன்று விரலைக் காட்டினாள்.

ரசத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டுத் தட்டு எல்லாமே இரண்டாம் தரம். கவிழ்த்துப் பார்த்துவிட்டேன், அடியில் தர முத்திரை இருக்கிறது.

மே 1

வடிவு மறுபடியும் கேட்டாள். "யப்பா, அந்த முடிச்ச எங்கிட்ட குடுத்துருங்களேன். நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்."

"கல்யாணம் நடந்தாத்தானட்டி?"

"நடக்கும்ப்பா. நீங்க இருந்தாலும் நடக்கும், இல்லன்னாலும் நடக்கும். நீங்க இருக்கணும்னு எனக்கு ஆசை. நீங்க அவிழ்க்காண்டாம், அப்படியே குடுங்க."

அதென்ன 'அவிழ்க்காண்டாம்'? நான் அடித்த சங்கிலியை நான் அவிழ்க்கக்கூடாதா? தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சின்னதாகிப் போனது. ஆகட்டும்.

முடிச்சைக் கையில் வைத்துப் பார்த்தேன். குளிரில் கை மரத்துக் கிடக்கிறது, கனமே தெரியவில்லை. எனக்கா? கையில் வைத்த மாத்திரத்தில் பவுன் சொல்கிறவனுக்கு! இந்த நாட்டுக் குளிர் மனிதனுக்கு ஆகாது.

மே 9

இன்று ஒரு சின்னத் தகராறு. வடிவு விரலில் ஒரு மோதிரம் கிடக்கிறது. நிச்சயத்துக்கு யாரெக் செய்து போட்டதாம். வெள்ளி, நடுவில் தேன் நிறத்தில் ஒரு பிசின் துண்டு. கழற்றித் தா, பார்க்கிறேன் என்றேன். தந்தாள். பெட்டியிலிருந்து என் உரைகல்லை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பழக்கம். எந்த நகை கைக்கு வந்தாலும் கை கல்லைத் தேடும்.

"யப்பா! கீறிட்டியளே!"

வெள்ளியில் ஒரு கீறல் விழுந்ததற்கு இந்தக் கூப்பாடு. வெள்ளி நல்ல வெள்ளிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். யாரெக் மோதிரத்தை வாங்கிப்போய்க் கால்மணி நேரத்தில் மெருகு போட்டுக் கொண்டுவந்து, "சரியாயிட்டு மாமா, கவலப்படாதிய" என்றான். இவனுக்குக் கோபமே வராதா? ரோஷம் இல்லாதவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன்?

ஹலினா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டி இரண்டு விரலைத் தூக்கினாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவது விரலையும் தூக்கினாள்.

மே 15

கோமு போய் இன்றோடு மூன்று வருடம். வடிவு பால் பாயசம் வைத்தாள். காக்கைக்குச் சோறு வைக்கலாம் என்றால் இங்கே வருவது புறா.

கோமுவின் தம்பி பூதலிங்கம் ஊரிலிருந்து போன் செய்தான். எடுக்கவில்லை. மூன்று வருடமாக எடுப்பதில்லை. அவன் அக்காவிடம் அவன் என்ன வாங்கித் தின்றான் என்று எனக்குத் தெரியும். எழுதினால் எனக்குத்தான் அசிங்கம்.

மே 20

பட்டறைக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது. தேளைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "வித்தாச்சு மாமா" என்றான். எவனோ கோட்டிக்காரன் வந்து அகப்பட்டிருக்கிறான். தாத்தா பொறுக்கிவைத்ததை விற்றுவிட்டோமே என்று இவன் முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. குடும்பச் சொத்தின் அருமை தெரியாத ஜென்மம்.

வடிவு அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மே 26

இன்று அவன் மேலே வந்தான், கையைத் துடைத்துக்கொண்டு.

"மாமா, அத்த சங்கிலி, கொக்கி லூசா இருக்கும். குடுங்க. நான் சரி பண்ணுதேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முடிச்சையே அவிழ்க்காத சங்கிலியின் கொக்கி லூசு என்று இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் கண்ணாலேயே பார்க்காத சங்கிலி! அப்படியானால் சங்கிலியைக் கையில் வாங்கவேண்டும், அதுதான் குறி. மகள் கேட்டாள், தரவில்லை. இப்போது இவன் வந்து நிற்கிறான்.

"பிசினத் தேய்க்கவனுக்குப் பவுனு ஒட்டாது. போ, போய் வேலையப் பாரு."

எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனான். முடிச்சை இனிமேல் தூங்கும்போதும் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஜூன் 2

நான் நினைத்தது சரி. மூட்டை முடிச்சு கட்டவேண்டியதுதான்.

காலையில் யாரெக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். பட்டறைக்குள் போனேன். மேஜையில் ஒரு துணி. விலக்கிப் பார்த்தால், என் சங்கிலி! அதே முறுக்கு, அதே கண்ணி, அதே நீளம், கொக்கிகூட அதே வளைவு. பக்கத்தில் கோமுவின் போட்டோ. வடிவு இங்கே வந்த வருடம் அவளுக்கு அனுப்பிய படம். கழுத்துப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, கோடு கோடாகப் போட்டு, கண்ணி கண்ணியாக எண்ணி வைத்திருக்கிறான்.

இதற்கா 'சௌக்கியமா இருக்கியளா'? இதற்கா 'கொக்கி லூசு'? என் சங்கிலியை வாங்கிக்கொண்டு இந்தப் போலியைத் திருப்பித் தருவதற்கு! முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! கவரிங்கைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்திருக்கும் ஆட்கள். "கவரிங்மா, எடுத்துட்டுப் போ" என்று தலை நிமிராமலே சொல்லுவேன். அழுவார்கள். அழட்டும் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

சங்கிலி நல்ல கனமாக இருந்தது. ஈயம் கலந்திருப்பான்.

நாளை எல்லார் முன்னாலும் உரசிக் காட்டுகிறேன். வடிவு தானாக என்னோடு வருவாள்.

ஜூன் 3

எழுதுவதா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருந்தார்கள். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் புளித்த கீரையும். நான் உட்காரவில்லை. பட்டறையிலிருந்து எடுத்துவந்த சங்கிலியைத் தூக்கி மேஜை நடுவில் போட்டேன். அது ஹலினாவின் நீலப்பொட்டுத் தட்டில் விழுந்து சத்தம் போட்டது.

"இது என்னய்யா? எம் பொண்டாட்டி சங்கிலி மாதிரியே போலி செஞ்சு வச்சிருக்கியே, எதுக்கு? மாத்தி வைக்கத்தான? திருட்டு மூதி!"

யாரெக் வடிவைப் பார்த்தான். வடிவு வெளிறிப் போய் நின்றாள். ஹலினா தட்டில் ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"பாருட்டி! நீ கட்டிக்கப் போறவனோட யோக்கியதைய! நாளைக்கே கெளம்பு!"

"ஒரசிப் பாருங்கப்பா" என்றாள்.

"என்னது?"

"உங்க கல்ல எடுத்துட்டு வாங்க. ஒரசிப் பாருங்க. ஒரசாம யாரையும் சொல்லமாட்டியளே."

கல்லைக் கையோடுதான் கொண்டுவந்திருந்தேன். யாரெக்கே எழுந்து போய்த் தன் மேஜையிலிருந்து திராவகக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தான். இழுத்தேன். கறுப்புக் கல்லில் மஞ்சளாக ஒரு கோடு. பித்தளைக்கும் இந்த மஞ்சள் வரும், கண்ணை நம்பக்கூடாது. திராவகம் ஒரு சொட்டு வைத்தேன். போலியாக இருந்தால் பச்சையாக நுரைத்துக் கோடு கரைந்துபோகும்.

கரையவில்லை.

இன்னொரு இடத்தில் இழுத்தேன். கொக்கியில் இழுத்தேன். கரையவில்லை. இருபத்திரண்டு கேரட். இந்த நாட்டுக் கடைகளில் இந்தத் தரம் கிடைப்பதே இல்லை, பதினாலு கேரட்டைத்தான் தங்கம் என்று விற்கிறார்கள். தேடிப் பிடித்து, தானே உருக்கிக் கலந்திருக்கிறான். நல்ல தங்கத்தில் போலி செய்து மாற்றிவைக்கிற திருடன் எந்த உலகத்தில் இருக்கிறான்?

"எதுக்கு?" என்றேன்.

"உங்ககிட்ட இருக்கதுதாம்ப்பா கவரிங்கு."

அவள் நின்றபடியே சொன்னாள். ஏழு வருடத்துக்கு முன் இங்கே படிக்க இடம் கிடைத்தபோது நான் ஒரு பைசா தரமாட்டேன் என்றேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சீமைப் படிப்பு என்றேன். அப்புறம் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று தாயும் மகளும் சொன்னார்கள். நானும் சரி தொலை என்று விட்டேன்.

"ஸ்காலர்ஷிப்பு இல்லப்பா. அம்மா சங்கிலிய வித்துட்டாவ. அதே மாதிரி கவரிங் வாங்கிப் போட்டுக்கிட்டாவ. நான் அழுதேன், அப்பாக்குத் தெரிஞ்சா என்னாகும்னு. அம்மா சிரிச்சாவ. 'அவிய ஊருச் சங்கிலிய எல்லாம் ஒரசிப் பாப்பாவ, எங் கழுத்தப் பாக்கமாட்டாவ. நீ தைரியமாப் போ'ன்னாவ. நாலு வருஷம் உங்க முன்னாடிதான் அதப் போட்டுக்கிட்டு நடந்தாவ."

யாரெக் தலையைக் குனிந்திருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் நான் முடிச்சை அவிழ்த்து, நகை பார்க்கிறவன் வீட்டிலேயே கவரிங்கா என்று தலைகுனியக்கூடாதாம். கோமு பேரும் கெடக்கூடாதாம். அதற்காகக் கண்ணி கண்ணியாக எண்ணிச் செய்திருக்கிறான். ஐந்து பவுனுக்கு எங்கே போனான் என்று கேட்கவேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டி காலியானதை நான்தான் பார்த்தேனே.

"மூணாவது கண்ணியில பத்துவப்பு தடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். கண்ணியை ஒட்டவைத்த இடம் தடித்துத்தான் இருக்கிறது. பொய் சொல்லவில்லை.

ஜூன் 4

'உங்ககிட்ட இருப்பது கவரிங்' என்று வடிவு சொன்னபோது, எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் கோமுவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த உடனே கை சொல்லிவிட்டது. பாதிக் கனம்கூட இல்லை. கோமு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "வெளிய வா, பேசிக்கிடுதேன்" என்றேன்.

அவள் வெளியே வரவில்லை.

முப்பத்துமூன்று வருடம் குடித்தனம் நடத்தியவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. சங்கிலியை மஞ்சள் துணியில் போட்டு மூன்று முடிச்சு போட்டதும் நான்தான். அவிழ்க்காமல் இருந்தது நேரம் வராததால் இல்லை. குளிரில் கை மரத்துப் போகவும் இல்லை. பயம். அதைப் பார்த்தால் அவளை இன்னும் கேவலமாக நினைப்பேனோ என்று பயம். அவிழ்க்காமலே மூன்று வருடம் கேவலமாகத்தான் நினைத்தேன்.

ஊரெல்லாம் என்னிடம் வந்து தரம் கேட்டது. வீட்டுக்குள் இருந்ததை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. தூ.

சாயங்காலம் பூதலிங்கத்துக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அத்தான்! என்னத்தான், எல்லாரும் நல்லாருக்கியளா?"

"சும்மாதாம்ல கூப்பிட்டேன்" என்றேன். அழுகிறான், கோட்டிப்பயல்.

ஜூன் 5

இந்த நாட்டுக்காரர்கள் முழுப் பைத்தியங்கள் என்பது இன்று நிரூபணம் ஆயிற்று.

சாயங்காலம் நான்கு மணிக்கு வாசலில் படார் படார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் கூடி நின்று சட்டியும் குவளையும் தட்டுமாக வாசல்படியில் போட்டு உடைக்கிறார்கள். சிரிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் பெண் வீட்டு வாசலில் மண்பாண்டம் உடைத்தால் அதிர்ஷ்டமாம். எவ்வளவு தூள் ஆகிறதோ அவ்வளவு நல்லதாம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே துடைப்பத்தால் கூட்டவேண்டுமாம்.

"நிறுத்துங்கல!" என்று கத்திவிட்டேன். வாசலில் சட்டியை உடைப்பது எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கு என்று இவர்களுக்குத் தெரியுமா? வடிவு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்ப்பா. இங்க வேற. இங்க நல்லதுக்குத்தான்."

ஹலினா ஒரு கூடையோடு வந்தாள். சூளையில் மூன்று விரல் காட்டி ஓரங்கட்டியதெல்லாம் வருடக்கணக்காக இதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து ஒரு சட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். தட்டிப் பார்த்தேன். கேட்காத காதுக்கும் கேட்கும், உள்ளே விரிசல். அவள் தரம் பிரித்தது சரிதான். இந்த ஒரு விஷயத்தில் பொம்பளை கெட்டிக்காரி.

நான் ஒரே ஒரு தடவைதான் பானை உடைத்திருக்கிறேன். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கோமுவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கியது நான்தான். பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். போனேன்.

இன்று சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டேன். தூள் தூளாகப் போனது. ஜனங்கள் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். வடிவும் அவனும் ஒரு துடைப்பத்துக்கு அடித்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கூட்டக்கூடத் தெரியவில்லை. மூலையை எல்லாம் விட்டுவிட்டான்.

ஜூன் 6

கல்யாணம் நடந்தது. பத்து நிமிடம். மேளம் இல்லை, அட்சதை இல்லை. நடத்திவைத்த அதிகாரியம்மா கழுத்தில் கழுகு போட்ட ஒரு பெரிய சங்கிலி. முலாம். பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இதற்கு ஒரு கூட்டம்!

வீட்டுக்கு வந்தோம். ஹலினா வாசலில் ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றாள். வைத்திருந்த தட்டைக் கவிழ்த்துப் பார்க்க முடியவில்லை, ஆனால் ஒன்றாம் தரம்தான். சந்தேகமே இல்லை.

வடிவு கழுத்து வெறுமையாக இருந்தது. யாரெக் செய்த சங்கிலியைப் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் போடு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள்.

சட்டைக்குள்ளிருந்து முடிச்சை எடுத்தேன். மூன்று முடிச்சு. வியர்வையிலும் மழையிலும் ஊறி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

"யப்பா, வேண்டாம்" என்றாள் வடிவு, மெதுவாக.

"குனியிட்டி."

குனிந்தாள். கோமுவின் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினேன். கொக்கி நிஜமாகவே லூசுதான். இரண்டு இடத்தில் முலாம் போய்ச் செம்பு தெரிந்தது. அந்த இடம் கழுத்துக்குப் பின்னால் போகும்படி திருப்பிவிட்டேன். கோமுவும் அப்படித்தான் திருப்பிப் போட்டிருப்பாள், நாலு வருடம், தினமும் காலையில். வடிவு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எழுதுவதற்கு என்ன, அழுதேன்.

ஹலினாவுக்கு மட்டும் இந்தச் சங்கிலிக் கதை எதுவும் தெரியாது. அன்றைக்கு நாங்கள் தமிழில் கத்தியது அவளுக்குச் சத்தம்தான். மகனும் சொல்லவில்லையாம். அவள் நேராக வந்தாள். சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். கெட்டிக்காரி, ஏதோ இடிக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, பேசாமல், ஒரு விரலைக் காட்டினாள், இரண்டு காட்டினாள், மூன்று காட்டினாள். எது என்று சொல்லு என்பதுபோல் நின்றாள்.

வடிவு என் சட்டையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை.

நான் ஒரு விரலைத் தூக்கினேன்.

ஹலினா என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு ரொட்டி வெட்டப் போய்விட்டாள்.

யாரெக்கிடம் சொல்லிவிட்டேன்: "அந்தச் சங்கிலிய உருக்கி வித்துட்டு, தேள மீட்டுட்டு வா. தாத்தா வச்ச சொத்து." பிசினைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. பிசின் பிசின்தான். அவன் "சரி மாமா" என்றான். இவனுக்கு எதற்கும் மறுத்துப் பேச வராது. இவனோடு எப்படித்தான் காலம் தள்ளப்போகிறாளோ!

முப்பத்தொரு வருடத்தில் வீரபாகு ஆசாரி போட்ட ஒரே பொய் மதிப்பீடு இன்று போட்டதுதான் என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவனுக்கு நகை பார்க்கத் தெரியாது.